கொடி வைத்த காருக்குப் பின்னால் இரண்டு பன்றிகள்

ஜோசியா யோம்பி மந்திரியாகத்தான் இருந்தார்; இலாகாதான் இல்லை. மந்திரிசபையில் நாற்காலி உண்டு. அதுவும் கதவோரத்தில், காப்பித் தட்டு உள்ளே வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொள்ள வேண்டிய இடத்தில். கார் உண்டு, காரில் கொடி உண்டு, ஓட்டுநர் உண்டு. போய் உட்கார ஓர் அலுவலகம்தான் கிடையாது. காலையில் குளித்து, டை கட்டி, காரில் ஏறிய பிறகு ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பான். எங்கே போகச் சொல்வது என்று ஜோசியாவுக்கே தெரியாது. தலைநகர் மோரஸ்பியின் துறைமுகச் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பிய நாட்களும் உண்டு.

இரண்டு வருடம் வனத்துறை அவர் கையில்தான் இருந்தது. கூட்டணியில் புதிதாகச் சேர்ந்த கட்சி வனத்துறையைக் கேட்டது. பிரதமர் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் ஜோசியாவை வெளியே விட முடியாது. விட்டால் அவரும், அவர் பேச்சைக் கேட்கும் மூன்று மலைநாட்டு உறுப்பினர்களும் எதிர்வரிசைக்குப் போய்விடுவார்கள். பிரதமர் அவரைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"உன்னைப் போய் விட்டுடுவேனா ஜோசியா? இலாகா இல்லாத மந்திரியா இரு. சின்னப் பதவின்னு நினைக்காதே. எல்லா இலாகாவும் உன்னுதுன்னு வெச்சுக்கோயேன்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது மனைவி டோர்கஸிடம் இதைச் சொன்னார். அவள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தட்டில் வைத்தபடியே கேட்டாள்.

"எல்லா இலாகாவும் உங்களுதுதானே? தண்ணி இலாகாவுக்கு ஒரு போனைப் போட்டு இந்தக் குழாயில தண்ணி வர வையுங்களேன். மூணு நாளா பக்கத்து வீட்டுல கெஞ்சி எடுக்குறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? இப்படி ஒரு பதவியை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. கையை எடுத்துக்கொண்டு மோதிரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்த கதைதான். பிரதமருக்குப் போக மனமில்லாத இடங்களுக்கெல்லாம் ஜோசியா போனார். தேவாலய ஆண்டு விழா, ஓய்வுபெற்ற நீதிபதியின் இறுதிச் சடங்கு, பள்ளிக்கூடத்தில் புதுக் கழிப்பறைத் திறப்பு. போன இடமெல்லாம் மாலை போட்டார்கள். எந்தத் துறை என்று யாராவது கேட்டால் மட்டும் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் மலைநாட்டில் அந்தச் சாவு நடந்தது. பிரதமரின் சுற்றுப்பயணத்தில் பின்னால் வந்த அரசாங்க வண்டி ஒன்று, காப்பிக்கொட்டை மூட்டையோடு ரோட்டோரம் நடந்துபோன ஒருவனை அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது, மலைநாட்டு ரோட்டில் அடித்துவிட்டு நின்றால் ஓட்டுநரின் தலை கழுத்தில் இருக்காது. நேராக அடுத்த போலீஸ் நிலையத்துக்குப் போய்விட வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் வழக்கத்தில் மீதியும் இருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் அடித்தவன் பக்கத்து ஆட்கள் சாவு வீட்டுக்குப் போய் முகம் காட்ட வேண்டும். பன்றி கொடுத்து வயிற்றைக் குளிர வைக்க வேண்டும். கோபம் வயிற்றில்தானே இருக்கிறது. அது குளிர்ந்தால்தான் மற்றதெல்லாம் உட்கார்ந்து பேசலாம்.

செத்தவன் ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் மம்புலி குலத்துக்காரன். ஆற்றுக்கு இக்கரையில் இருப்பது தெக்லின் குலம், ஜோசியாவின் குலம். அப்பா காலத்தில் இரண்டு குலமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டவை. இப்போது ஏதோ சமாதானமாக இருந்தன.

பிரதமர் அலுவலகத்தின் தலைமைச் செயலாளர் ரவு அவரைக் கூப்பிட்டனுப்பினார். ரவு கடற்கரைக்காரர், நல்ல மனிதர்தான், எதையும் ஒளிக்காமல் பேசுவார். பாக்கை வாயில் அதக்கிக்கொண்டு சொன்னார்.

"சார், நீங்கதான் போகணும்."

"போலீஸ் மந்திரி போகலையா?"

"போலீஸ் மந்திரி போனா அது போலீஸ் சாவாயிடும். ரோடு மந்திரி போனா ரோட்டுச் சாவு. போக்குவரத்து மந்திரி காய்ச்சல்னு படுத்துட்டாரு. யாரு போனாலும் அந்த இலாகா தலையில விழும். நீங்க போனா ஒண்ணும் விழாது. அதுதான் சார் உங்க பதவியோட அழகே."

"நான் போய் என்னன்னு சொல்றது?"

"அரசாங்கம் வருத்தப்படுதுன்னு சொல்லுங்க. பொறுப்பு ஏத்துக்குதுன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க, வக்கீலுங்க என்னைக் கொன்னுடுவாங்க. அரிசி, மீன் டின் எல்லாம் உங்க மலைநாட்டு ஹேகன்ல வண்டியில ஏத்தி வெச்சிருக்கோம்."

ஜோசியாவுக்கு எல்லாம் புரிந்தது. சட்டையில் கறை ஒட்டாமலிருக்க நடுவில் வைக்கும் துணியாகத் தன்னை அனுப்புகிறார்கள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன்? வெகுநாளைக்கப்புறம் யாரோ ஒரு வேலை என்று கொடுத்திருக்கிறார்கள்.

ஹேகனில் விமானம் இறங்கி, அரிசி மூட்டைகளைப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. அரிசியும் டின் மீனும்! கடையில் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவதா? போனால் முகத்தில் விட்டெறிவார்கள். கடற்கரைக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவர் காரை நேராக அண்ணன் தும்பேயின் வீட்டுக்கு விடச் சொன்னார்.

தும்பே குலத்துக்கு மூத்தவர். தம்பியைப் படிக்க வைத்தவர். தேர்தலுக்கு ஊர் ஊராக நடந்து ஓட்டுச் சேர்த்தவரும் அவர்தான். கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம பன்னியா? அங்க போகக் கூடாது தம்பி."

"அரிசியை மட்டும் கொண்டுபோனா அசிங்கம் அண்ணே."

"அசிங்கம் அரசாங்கத்துக்கு. நம்ம பன்னி போனா சாவு நம்மளுது. அவங்களுக்கு நம்ம பன்னியைத் தெரியாதா? காதுல நாம வெட்டி வெச்ச அடையாளத்தைப் பார்த்தாலே சொல்லிடுவானுங்க."

"அண்ணே, நான் கொடி வெச்ச கார்ல போறேன். கூட போலீஸ் வருது. இது அரசாங்கத்தோடதுன்னு என் வாயாலயே சொல்றேன். நான் மந்திரி. என் பேச்சைக் கேக்க மாட்டானுங்களா?"

தும்பே தம்பியையும் காரின் கொடியையும் பார்த்தார். பிறகு வேலிப்பக்கம் போனார். தம்பி மந்திரி என்பதில் அவருக்கும் ஒரு பெருமை இருந்தது, அதுதான் அவரைத் தோற்கடித்தது. நல்ல கொழுத்த பன்றிகள் இரண்டைத் தானே காலைக் கட்டிப் பின்வண்டியில் ஏற்றினார்.

மம்புலி சாவு வீட்டில் பெண்கள் துக்கத்துக்காக உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசி உட்கார்ந்திருந்தார்கள். செத்தவனின் தகப்பன் எபால் கூரைக்கு வெளியே நின்றிருந்தார், கையில் ஒன்றுமில்லாமல். விதவை யலின் ஒரு மூலையில் இருந்தாள். மற்றவர்கள் ஓலமிட, அவள் மட்டும் அழவில்லை. கண் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது ஜோசியாவுக்கு எழுதிக் கொடுத்த பேச்சை எடுக்கக் கை வரவில்லை.

"அரசாங்கம் ரொம்ப வருத்தப்படுது. பிரதமர் அனுப்பிச்சிருக்காரு. இது அரசாங்கத்தோட அரிசி. இது அரசாங்கத்தோட பன்னி."

எபால் அரிசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்றிகளிடம் போய்க் குனிந்தார், காதைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து ஜோசியாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நீ யோம்பி மகன்தானே?"

"ஆமாய்யா."

"சரி. வந்தியே. நல்லது."

அவ்வளவுதான். பன்றிகளைப் பெண்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜோசியாவின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. திரும்பும் வழியில் ரவுவிடமிருந்து போன் வந்தது. "பிரமாதம் சார், பிரதமர் ரொம்பச் சந்தோஷப்பட்டாரு." ஓட்டுநரும் கேட்கட்டும் என்று அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

சில மாதம் கழித்துத் தும்பே போன் பண்ணினார். அவர் ஊரில் சிக்னல் கிடைக்க மேட்டில் ஏற வேண்டும். ஏறிய மூச்சு வாங்கலோடு பேசினார்.

"மம்புலிக்காரங்க வந்திருந்தாங்க. வயிறு குளிர்ந்துடுச்சு, சாவுக்கு ஈடான பெரிய கொடை எப்போன்னு கேக்குறாங்க."

"அதை அரசாங்கத்துகிட்டல்ல கேக்கணும்?"

"அதைத்தான் நானும் சொன்னேன். எபால் என்ன சொன்னான் தெரியுமா? 'போலீஸ் மந்திரி வந்திருந்தா போலீஸ்கிட்ட கேட்டிருப்போம். ரோடு மந்திரி வந்திருந்தா ரோட்டுக்காரன்கிட்ட கேட்டிருப்போம். வந்தவனுக்கு ஒரு துறையும் இல்லைன்னு ரேடியோவுல சொல்றாங்க. அப்ப அவன் யாரா வந்தான்? யோம்பி மகனாத்தான் வந்தான். தெக்லின் பன்னியோட வந்தான். சாவு தெக்லின் சாவு'ங்குறான். நான் எங்க போய் முட்டிக்கிறது?"

ஜோசியா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பாதையில இலைக்கட்டு கட்டி வழியை அடைச்சிட்டாங்கடா. அந்தப் பக்கம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போக முடியல. என் காப்பித் தோட்டம் அங்கதான் இருக்கு, பழம் மண்ணுல உதிர்ந்து கிடக்கு. ஈஸ்டருக்குள்ள யாராவது வந்து இது எங்க சாவுன்னு ஒத்துக்கணுமாம். இல்லைன்னா உயிருக்கு உயிரா நம்ம பக்கம் ஒரு ஆளை எடுப்பாங்களாம்."

"யாரை?"

தும்பே சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜோசியாவின் காதை விட்டு வெகுநாள் போகவில்லை. "மந்திரியையா எடுப்பாங்க? நீ மோரஸ்பியில இருக்கே. மூத்தவன் யாருன்னு பாரு."

அன்றைக்கே ஜோசியா போலீஸ் மந்திரியைப் போய்ப் பார்த்தார். அவர் உருக்கமாகக் கேட்டுவிட்டு, வண்டி போலீஸ் வண்டி இல்லையே என்றார். போக்குவரத்து மந்திரி, வண்டி பிரதமர் பயணத்துக்காக ஒதுக்கப்பட்டது, அந்த நேரத்துக்கு அது தன்னுடையதே அல்ல என்றார். ரோடு மந்திரி பழைய சிநேகிதர். பாதியிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், ஒரு தடவை நான் போய் ஒத்துக்கிட்டேன்னா ரோட்டுல விழுற ஒவ்வொரு பொணத்துக்கும் என்னைக் கூப்பிடுவாங்க. என் நிலைமையையும் யோசிச்சுப் பாரு." எல்லாரும் கடைசியில் பிரதமர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே ரவு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதுல பொறுப்பு அமைச்சர்னு உங்க பேரைத்தான் சார் போட்டிருக்காங்க."

"என்கிட்டதான் ஒரு இலாகாவும் இல்லையே ரவு!"

"அதனாலதான் சார். வேற யாரு பேரைப் போட்டாலும் அவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. உங்ககிட்ட திருப்பி அனுப்ப ஆபீஸ் இல்ல."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். ஜோசியா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "மந்திரி சார்" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அழுகை வந்தது. அழவும் முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து பிரதமர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. எதிர்க்கட்சியார் உறுப்பினர்களை ஒரு ஓட்டலில் அடைத்து வைத்திருந்தார்கள், ஆளுங்கட்சியார் இன்னொரு ஓட்டலில். நடுவிலிருந்த ஒவ்வொரு தலைக்கும் திடீரென்று விலை ஏறியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஜோசியாவுக்கும் ஆள் வந்தது. "ரோடு இலாகா உங்களுக்குத்தான் சார், எழுதியே தர்றோம்." வேறு சமயமாக இருந்தால் சபலம் தட்டியிருக்கும். ஆனால் புது அரசாங்கம் அமைந்து, பதவி ஏற்று, இலாகா பிரித்து முடிப்பதற்குள் ஈஸ்டர் வந்துவிடும். அண்ணனைக் காப்பாற்ற இன்றைக்கு நாற்காலியில் இருக்கும் பிரதமரால்தான் முடியும்.

ஓட்டலின் மேல்மாடியில் பிரதமரைப் பிடித்தார். முதல் தடவையாக அவரிடம் குரல் உயர்த்திப் பேசினார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். வனத்துறை வேண்டாம், எதுவும் வேண்டாம். நானும் என் கூட இருக்குற மூணு பேரும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுறோம். ஓட்டு முடிஞ்ச கையோட ஒரு மந்திரியை என் ஊருக்கு அனுப்புங்க. ஒரே ஒரு மந்திரி. மம்புலிக்காரங்க முன்னால நின்னு இது அரசாங்கத்தோட சாவுன்னு சொல்லட்டும். இல்லைன்னா என் அண்ணனைக் கொன்னுடுவாங்க."

பிரதமர் களைத்துப் போயிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. "அனுப்புறேன். ஹெலிகாப்டர்லயே அனுப்புறேன். போதுமா?"

"துறை உள்ள மந்திரியா இருக்கணும்."

"ஜோசியா, சத்தியமா ஒரு மந்திரி வருவாரு. நீ போய் ஓட்டுப் போடு."

ஜோசியா போட்டார். பிரதமர் தப்பித்தார். மேசையைத் தட்டி எல்லாரும் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தபோதே ஜோசியா விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு மாலை யார் யாருக்குப் பதவிப் பிரமாணம் நடந்தது என்பதெல்லாம் அவர் காதுக்கு வரவில்லை.

மறுநாள்தான் மம்புலிக்காரர்கள் குறித்திருந்த நாள். இரண்டு குலமும் ஆற்றங்கரைத் திடலில் கூடின. மம்புலிக்காரர்கள் ஒருபக்கம், வில்லும் கோடரியுமாக. தெக்லின்காரர்கள் எதிர்ப்பக்கம், அவர்களும் வெறுங்கையாக வரவில்லை. தும்பே மட்டும் கையில் ஒன்றுமில்லாமல் எல்லாருக்கும் முன்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எடுப்பதென்றால் என்னை எடுங்கள், பையன்களைத் தொடாதீர்கள் என்பதற்குத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று ஜோசியாவுக்குத் தெரியும். பக்கத்தில் போய் நின்றார். அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வர்றாங்க அண்ணே. ஹெலிகாப்டர்ல வர்றாங்க."

"வரட்டும்" என்றார் தும்பே, பொதுவாக.

வெயில் ஏறியது. மம்புலி இளைஞர்கள் வில்லின் நாணைச் சும்மா சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜோசியாவின் கண் தும்பேயின் கழுத்துக்குப் போனது. கடைசியில் ஹெலிகாப்டர் வந்தேவிட்டது. காய்ந்த மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திடலில் இறங்கியது. ஜோசியாவுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. பிரதமர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்! அவரைப் பற்றி என்னென்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

இறங்கியவர் பருத்த மனிதர், நரைத்த தாடி, புதுக் கோட்டு. தீவுப் பக்கத்து உறுப்பினர் பெனியல் தோகா. கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர். தீர்மானத்துக்கு முந்தின நாள்வரை எதிர்க்கட்சி ஓட்டலில் இருந்தவர். குனிந்தபடியே ஓடி வந்து ஜோசியாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்து சொல்லுங்க தம்பி! நேத்துதான் பிரமாணம் எடுத்தேன். முதல் வேலையே உங்க ஊர்தான்!"

"எந்தத் துறை?" என்றார் ஜோசியா. குரல் அவருக்கே கேட்கவில்லை.

பெனியல் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "துறைன்னு இன்னும் ஒண்ணும் குடுக்கல. உங்க மாதிரிதான். நான் என்ன சொல்லணும் இங்க? உங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லி அனுப்பினாங்க."

எபால் நடுத்திடலுக்கு வந்து நின்றார். வந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாருங்கய்யா?"

"நான் மந்திரி."

"எதுக்கு மந்திரி?"

பெனியல் ஜோசியாவைப் பார்த்தார். ஜோசியா தரையைப் பார்த்தார். மம்புலிப் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு வரிசையில் பரவி, நடுவிலேயே நின்றுபோனது. அப்படி நின்ற சிரிப்பு ஆபத்தானது என்று தெரிய அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை. பெனியலே ஓரடி பின்னால் நகர்ந்தார். யாரோ அம்பைக் கையில் மாற்றிப் பிடித்தார்கள்.

யலின் இன்னும் களிமண்ணோடுதான் இருந்தாள். மாமனாருக்குப் பின்னால் நின்று, அதே காய்ந்த கண்ணோடு ஜோசியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. மூட்டை தூக்கிக்கொண்டு போனவன் செத்தான். இத்தனை பெரிய தேசத்தில் ஒருவர்கூட இது எங்களால் ஆனது என்று சொல்லவில்லை. இவள் யார்மேல் கோபப்படுவாள்? யாரைப் பார்த்து அழுவாள்? ஹெலிகாப்டரையா?

ஜோசியா நடுத்திடலுக்கு நடந்தார்.

"எபால் ஐயா, அரசாங்கம் வரல. இனிமே வராது. இவரும் வேலை இல்லாத மந்திரி, நானும் வேலை இல்லாத மந்திரி. அன்னைக்கு நான் கொண்டுவந்தது எங்க பன்னி. எங்க அண்ணன் வேண்டாம்னாரு, நான்தான் கேக்கல. அரசாங்கப் பன்னின்னு நான் சொன்னது பொய். உங்க மகன் சாவு எங்க சாவு. தெக்லின் சாவு."

தெக்லின் பக்கத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. "ஏய், யாரைக் கேட்டுச் சொல்றே?" "கார்ல போறவன் சொல்வான், நாங்க பன்னி வளர்த்துக் குடுக்கணுமா?" ஒரு கல் அவர் முதுகில் வந்து விழுந்தது. சொந்தக்காரர்கள் எறிந்த கல்தான். எபால் அந்தக் கூச்சலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லிட்டே. உன் ஜனங்க ஒத்துக்கலியே?"

எல்லார் பார்வையும் தும்பேயின் மேல் போயிற்று. அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். தம்பியை நோக்கி வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் ஜோசியா நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார்.

தும்பே அவரைத் தாண்டிப்போய் எபால் முன்னால் நின்றார்.

"ஒத்துக்கிறோம். என் பையன் கல்யாணத்துக்கு வெச்சிருந்த பன்னியெல்லாம் இருக்கு, முதல்ல அதை ஓட்டிக்கிட்டுப் போங்க. மீதியைச் சேர்த்துக் குடுப்போம். வருஷம் ஆகும். ஆனா குடுப்போம்."

எபால் மெல்லத் தலையசைத்தார். பின்னாலிருந்த வரிசையில் வில்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அப்போதுதான் யலின் முன்னால் வந்தாள். தும்பேயின் காலடியில், புழுதியில், தொப்பென்று உட்கார்ந்தாள். செத்தவனின் பெயரைச் சொல்லி, காப்பி மூட்டையைச் சொல்லி, அன்றைக்குக் காலையில் அவன் கிழங்கு தின்னாமல் போனதைச் சொல்லி, தரையில் அறைந்து அழ ஆரம்பித்தாள். தும்பேயும் உட்கார்ந்தார். அவரும் அழுதார். தன் சாவுக்கு அழுகிறவர் போலவே அழுதார்.

ஜோசியா அவர் பக்கத்தில் உட்காரப் போனார். தும்பே கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வேண்டாம். நீ போ." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. "நீ மோரஸ்பிக்கே போயிடு தம்பி. பசங்க உன்னை இங்க வெச்சுக்க மாட்டாங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

பின்னாலிருந்து பெனியல் வந்து கோட்டு நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உயிர் திரும்பி வந்த முகம்.

"முடிஞ்சுதா தம்பி? பிரதமர் போன் பண்ணுவாரு. என்னன்னு சொல்லட்டும்?"

"சாவுக்கு ஆள் கிடைச்சிட்டாங்கன்னு சொல்லுங்க."

"அருமை, அருமை." பெனியல் அவர் தோளைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிமே இந்த மாதிரி வேலைக்கெல்லாம் என்னையும்தான் அனுப்புவாங்க போலிருக்கு. வழிமுறை தெரிஞ்சு வெச்சுக்கணும் பாருங்க. முதல்ல என்ன செய்யணும்?"

ஜோசியா அவரை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. புதுப் பதவி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் வயசான வியாபாரி, அவ்வளவுதான்.

"உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அண்ணன் இருக்காரு. ஊர்லயே இருக்காரு. ஏன்?"

"அவர்கிட்ட மட்டும் எதுவும் கேட்டுப் போகாதீங்க" என்றார் ஜோசியா.

பெனியல் புரியாமல் சிரித்துவிட்டு, ஹெலிகாப்டரில் இன்னொரு இருக்கை காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்.